பத்து நிமிட அவகாசம்

புது சமையலறை வந்து மூன்றாவது வாரம். இரவு ஏதோ அவசரத்தில், வெட்டிய பாதி எலுமிச்சம்பழத்தைக் கல் மேடைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன். காலையில் பழத்தை எடுத்தால், வெள்ளை மார்பிளில் அச்சு எடுத்தது போல ஒரு வட்டம். அதில் நிறம் ஒன்றும் இல்லை. சுற்றியுள்ள கல்லெல்லாம் மின்ன, அந்த வட்டம் மட்டும் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மங்கிக் கிடந்தது.

ஈரத்துணியால் துடைத்தேன். பாத்திரம் தேய்க்கும் திரவம் விட்டுத் தேய்த்தேன். சமையல் சோடாவும் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. கோபம் முழுக்க, கல்லில் கறை இறங்காமல் இருக்கப் பூசும் சீலர்மேல் திரும்பியது. அந்தக் கல்லுக்கு மூன்று கோட் சீலர் போட்டிருந்தது. போட்டவர் கிளம்பும்போது, "மூணு கோட் ஏத்தியாச்சு, இனி கவலையே வேண்டாம். எது கொட்டினாலும் துடைச்சாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் நம்பி, அதுவரை மேடையில் விரித்து வைத்திருந்த பழைய துணிகளையெல்லாம் எடுத்துவிட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை என்று புரிய எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அவர் பேசியது கறையைப் பற்றி. என் கல்லுக்கு வந்தது கறையே கிடையாது.

கல்லுக்கு வரும் கேட்டை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த விஷயம் பிடிபடும். கறை என்றால் கல்லுக்குள் ஏதோ ஒன்று போய்த் தங்கியிருக்கிறது: எண்ணெய், காபி, துருப்பிடித்த டப்பாவின் அடிப்பாகம் விட்டுப்போன பழுப்பு. அந்த இடம் பெரும்பாலும் அடர்ந்து தெரியும். அரிப்பு என்றால் கல்லிலிருந்தே ஏதோ ஒன்று கரைந்து போய்விட்டது. அந்த இடம் வெளிறியோ மங்கியோ தெரியும். விரலால் தடவினால் சில நேரம் லேசாகச் சொரசொரக்கும். கறைக்கு வைத்தியம், உள்ளே போனதை வெளியே இழுப்பது. அரிப்பில் போனது போனதுதான். சுற்றியிருக்கும் கல்லையும் அந்த அளவுக்குத் தேய்த்துச் சமன் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

மார்பிள் என்பது சுண்ணாம்புக்கல் பூமிக்குள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், கனிமப் பெயர் கால்சைட். அமிலம் பட்டால் கார்பனேட் கரையும், கார்பன் டை ஆக்சைடு குமிழியிட்டு வெளியேறும். பள்ளி ஆய்வகத்தில் சுண்ணாம்புக்கல்மேல் அமிலம் விட்டு நுரை பார்த்தோமே, அதேதான். மாசில்லாத மழைநீரின் பி.எச். ஏறக்குறைய 5.6. அந்த மென்மையான அமிலமே காலம் காலமாகச் சொட்டிச் சுண்ணாம்புப் பாறைக்குள் குகைகளைக் குடைந்திருக்கிறது; திறந்தவெளிப் பளிங்குச் சிலைகளின் மூக்கையும் விரலையும் மழுக்கியிருக்கிறது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-க்கும் 3-க்கும் இடையில். பி.எச். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும் என்பதால், மழையைவிட எலுமிச்சை நூற்றுக்கணக்கான, ஏன் ஆயிரக்கணக்கான மடங்குகூடக் கடுமையானது. குகைக்கு ஆன காலம் என் மேடைக்குத் தேவைப்படவில்லை, ஓர் இரவு போதுமாக இருந்தது. உண்மையில் ஓர் இரவுகூட வேண்டாம். சில நிமிடங்களில் பளபளப்பு போய்விடும் என்பதைப் பிற்பாடு மிச்சத் துண்டு ஒன்றில் நானே போட்டுப் பார்த்தேன்.

சீலர் ஏன் இதைத் தடுக்கவில்லை? பாலிஷ் என்பதை நான் ஏதோ மேற்பூச்சு என்று நினைத்திருந்தேன். வார்னிஷ் மாதிரி. அப்படி இல்லையாம். கல்லையே வரவர நைசான தேய்ப்பானால் தேய்த்துத் தேய்த்து, ஒளி சிதறாமல் திரும்பும் அளவுக்குச் சமமாக்குவதுதான் பாலிஷ். பளபளக்கும் அந்த மேல்தோல் கல்லேதான். சீலரோ கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. மேலே விழும் அமிலத்துக்கும் கால்சைட்டுக்கும் நடுவே யாரும் இல்லை.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது இன்னொரு தவறான எண்ணமும் கழன்றது. மார்பிள் நிறையத் துளையுள்ள கல், அதனால்தான் சீக்கிரம் கெடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். தரநிலைகள் கட்டடக் கற்கள் எவ்வளவு நீர் உறிஞ்சலாம் என்று எடைக் கணக்கில் வரம்பு வைத்திருக்கின்றன. கிரானைட்டுக்கு 0.40 சதவீதம்வரை. மார்பிளுக்கு 0.20 சதவீதம்தான். அதாவது நல்ல மார்பிள் கிரானைட்டைவிடக் குறைவாகக் குடிக்கலாம். (சுண்ணாம்புக்கல்லில் அடர்த்தி குறைந்த வகைக்கு 12 சதவீதம்வரை அனுமதி உண்டு, அதைச் சமையலறையில் போடுகிறவர்களின் தைரியத்தை நான் மெச்சுகிறேன்.) மார்பிளுக்கு வரும் துன்பம் அதன் துளைகளால் வருவதைவிட அது எதனால் ஆனதோ அதனால் வருவதுதான் அதிகம். எத்தனை கோட் சீலர் ஏற்றினாலும் அது எதனால் ஆனது என்பது மாறப்போவதில்லை.

அதனால் சீலர் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது என்ன கல்? இதற்குக் கடையில் ஒட்டியிருக்கும் பெயரை நம்பிப் பதில் சொல்ல முடியாது. கல் வியாபாரத்தில், நன்றாகப் பாலிஷ் ஏறும் கடினமான கல் எதுவானாலும் கிரானைட்தான். நிலவியல்காரர் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் கொஞ்சம் அபிரகமும் கலந்து, ஆழத்தில் மெதுவாகக் குளிர்ந்து உறைந்த கல்லை மட்டும்தான் கிரானைட் என்பார். கறுப்பு கிரானைட் என்று விற்பதில் பெரும்பாலானவை அவர் கண்ணுக்கு கேப்ரோ, டாலரைட் போன்ற வேறு பாறைகள். மிக நெருக்கமான கற்கள், தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காதவை. பல கற்களுக்குச் சீலரே தேவைப்படாது.

இன்னும் மோசமான குழப்பம் குவார்ட்சைட்டில். மணற்கல் உருமாறி வந்த உண்மையான குவார்ட்சைட், எலுமிச்சைக்கு அசையாது. ஆனால் மார்பிள் போலவே வெள்ளையும் சாம்பலுமாக நரம்போடிய அழகு அதற்கு உண்டு என்பதால், டாலமைட் என்ற கார்பனேட் கனிமத்தாலான மார்பிளையே குவார்ட்சைட் என்ற பெயரில் வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம் தலையில் கை வைத்தவர்கள் நிறையப் பேர். கண்டுபிடிக்கும் வழி எளிது. ஃபிரெடரிக் மோஸ் 1812-ல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் குவார்ட்ஸ் 7, கால்சைட் 3, டாலமைட் 4-ஐத் தாண்டாது, சாதாரணக் கண்ணாடி ஐந்தரை சுமார். கல்லின் உடைந்த முனையால் ஒரு கண்ணாடித் துண்டை அழுத்திக் கீறுங்கள். கண்ணாடியில் கீறல் விழுந்தால் குவார்ட்சைட் குடும்பம். கல்லே மாவாகித் தேய்ந்தால் மார்பிள் குடும்பம். கூடவே, அதே துண்டின் பாலிஷ் முகத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுக் கால் மணி நேரம் கழித்துத் துடைத்து, சாய்வாக வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கல் வாங்கும்போதே ஓர் உள்ளங்கை அளவுத் துண்டு கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன். நான் சிங்க்குக்காக வெட்டி எடுத்த துண்டைக் குப்பையில் போடவிருந்தவரிடமிருந்து பிடுங்கி வைத்தேன். இந்த ஐந்து வருடத்தில் அந்தச் சமையலறையிலேயே அதிகம் பயன்பட்ட பொருள் அதுதான்.

கறுப்புக் கல்லுக்கு ஒரு கூடுதல் சோதனை: அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் மூலையில் துடைத்துப் பார்ப்பது. துணியில் கறுப்பு ஏறினால் அந்தக் கல்லுக்குச் சாயம் அடித்திருக்கிறார்கள். சாம்பல் நிறக் கல்லைக் கறுப்பாக்கிக் கூடுதல் விலைக்குத் தள்ளும் பழைய வித்தை அது.

சரி, சீலருக்கு வருவோம்.

இதில் இரண்டு சாதி. ஒன்று மேலே படலமாகப் பரவி உறைவது. அக்ரிலிக் போன்றவை. போட்ட அன்று பிரமாதமாக மின்னும். அப்புறம் பாத்திரம் உரசிக் கீறும், மங்கும், ஓரத்தில் உரியும். சமையல் மேடைக்கு இதைப் போடவே கூடாது என்பது என் கட்சி. மற்றொன்று உள்ளே இறங்குவது. பெரும்பாலும் சிலேன், சிலாக்சேன் என்ற சிலிக்கான் சேர்மங்கள். ஒரு கரைப்பானிலோ தண்ணீரிலோ ஏறி நுண்துளைக்குள் போய், அங்குள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, துளையின் சுவரைப் பற்றிக்கொள்கின்றன. துளை அடைபடுவதில்லை. தாமரை இலைமேல் நீர் ஒட்டாதது போல, அந்தச் சுவரில் நீர் ஒட்டாமல் போகிறது. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி திறந்தே இருக்கும். இந்தப் பிடிப்பு குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் போன்ற சிலிகேட் கனிமங்களோடு நன்றாக அமையும். கால்சைட்டோடு அவ்வளவு அமையாது. மார்பிளுக்கு வாங்கும்போது டப்பாவில் மார்பிள் என்று எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது அதனால்தான்.

சிலேனும் சிலாக்சேனும் தண்ணீரை விலக்கும், எண்ணெயை அவ்வளவாக விலக்காது. எண்ணெயையும் விலக்க ஃப்ளோரின் சேர்ந்த பாலிமர்கள் வேண்டும். அவைதான் இன்று சர்ச்சையில் இருக்கும் பிஃபாஸ் குடும்பம், சுற்றுச்சூழலில் லேசில் சிதையாதவை. நான் ஒன்றுக்கு மூன்று முறை யோசித்து, அடுப்புப் பக்கம் எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் ஒரு தட்டு வைப்பது என்று முடிவு செய்தேன். வேறு முடிவு எடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

சீலர் எவ்வளவு நல்லதானாலும் அது தருவது நேரம் மட்டும்தான். சீலர் இல்லாத, நீர் குடிக்கும் கல்லில் காபி சிந்தினால் துணியை எடுத்துக்கொண்டு வருவதற்குள் இறங்க ஆரம்பித்துவிடும். சீலர் போட்ட கல்லில் அது முத்து முத்தாக நிற்கும். தொலைபேசியில் பேசி முடித்துவிட்டு வந்து துடைக்கலாம். ராத்திரி முழுக்க விட்டால் சீலர் போட்ட கல்லும் குடித்துவிடும்.

அதனால் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை சீலர் போடுவது என்ற கேள்விக்கு நான் நாள்காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தண்ணீரைக் கேட்கிறேன். சுத்தமான, உலர்ந்த மேடையில் நாலைந்து இடங்களில் ஒரு ஸ்பூன் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால், கல் தானே சொல்லும். நிறம் மாறவில்லை என்றால் சீலர் வேண்டாம். அடர்ந்து தெரிந்தால் வேண்டும். துளி முத்தாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. கல்லின்மேல் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் துளி நிற்கும். ஒரே கல்லிலும் இடத்துக்கு இடம் பதில் மாறும். சிங்க் ஓரம், அடுப்பு ஓரம் இரண்டும் எப்போதும் முதலில் தாகம் எடுக்கும். சுவரோரம் யாரும் தொடாத மூலை பல வருடம் தாங்கும். அத்தனைக்கும் சேர்த்து ஒரே நாளில் சீலர் போடுவது வீண் வேலை.

வீண் வேலை மட்டும் இல்லை, வம்பும்கூட. எலுமிச்சை வட்டம் தந்த பயத்தில், அடுப்பின் இரு பக்கமும் இருந்த கறுப்புக் கல்லுக்கும் நானே சீலர் போடத் துணிந்தேன். தண்ணீர்ச் சோதனையைப் பற்றி அப்போது தெரியாது. தாராளமாக ஊற்றி, துணியால் பரப்பி, நன்றாக இறங்கட்டும் என்று சாப்பிடப் போய்விட்டேன். அந்தக் கல் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. ஊற்றியதெல்லாம் மேலேயே காய்ந்து, சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம். தொட்ட இடமெல்லாம் விரல் ரேகை. சோப்புக்கும் போகவில்லை, சுரண்டினாலும் போகவில்லை.

தீர்வு நம்பவே முடியாத அளவுக்கு எளிமையானது. அதே சீலரைக் கொஞ்சம் அதன்மேலேயே மறுபடி தடவினால், காய்ந்த படலம் அதில் இளகும். உடனே, காயவிடாமல், உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்து எடுக்க வேண்டும். ஒரு முழம் ஒரு முழமாக, ஒரு மதியம் முழுவதும் அதைத்தான் செய்தேன். கடைசியில் கறுப்புக் கல்லில் சீலர் எவ்வளவு மிஞ்சியது என்று கேட்டால், ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அந்தக் கல்லுக்கு அது தேவையும் இல்லை.

அந்த மதியத்தில் கற்றதுதான் சீலர் போடும் முறையில் முக்கியமானது: காய விடாதே. மற்றதெல்லாம் பொறுமை. மேடையைக் கழுவித் துடைத்தபின் ஒரு நாள் முழுக்க உலர விட வேண்டும், துளைக்குள் தண்ணீர் இருந்தால் சீலருக்கு இடம் ஏது? ஜன்னலைத் திறந்து வைத்து, கரைப்பான் கலந்த வகையென்றால் அடுப்பைத் தொடாமல், கை எட்டும் தூரம் அளவுக்கு மட்டும் தடவ வேண்டும். டப்பாவில் சொன்ன நேரம், பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து நிமிடம், மேற்பரப்பு ஈரமாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் எங்காவது உறிஞ்சிக்கொண்டு உலர்ந்தால் அங்கே இன்னும் கொஞ்சம். அப்புறம் கல்லில் விரல் வழுக்காமல் 'கிரீச்' என்று சத்தம் வரும்வரை உலர்ந்த துணியால் துடைப்பு. மறுபடி தண்ணீர் படாமல் ஒரு நாளாவது. சில வகைக்கு மூன்று நாள்வரைகூடக் கேட்பார்கள். அந்த நாட்களில் வீட்டில் எல்லோரையும் மேடைப் பக்கம் வராமல் காப்பதுதான் உண்மையான வேலை.

"இதுக்குத் துணியை விரிச்சே வச்சிருக்கலாம்" என்றார் அம்மா, இரண்டாம் நாள் சாப்பாட்டு மேஜைமேல் காய் நறுக்கியபடி.

"துணி விரிச்சா கல்லு தெரியாதேம்மா."

"இப்ப மட்டும் என்ன தெரியுது? ஒருத்தரையும் கிட்ட விட மாட்டேங்கறே."

பதில் சொல்ல முடியவில்லை.

எலுமிச்சைக்குப் பிறகு கண்ணில் பட்டது சிங்க் ஓரம். சிங்க்கைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு மார்பிள் மங்கியிருந்தது, கோடு போட்டது போல நேராக. இதைச் செய்தது நான் இல்லை, எலுமிச்சையும் இல்லை. விளிம்பில் பூசிய சிலிகான். பொருத்திய அன்று சமையலறை முழுக்க வினிகர் வாடை அடித்தது இப்போது நினைவுக்கு வந்தது. சிலிகானில் ஒரு வகை, உறையும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியே விடும். அசிட்டிக் அமிலம்தான் வினிகரின் உயிர். கார்பனேட் கல்லுக்குப் பக்கத்தில் அதைப் பூசுவது, வினிகரில் நனைத்த கயிற்றைக் கல்லோரம் சுற்றி வைப்பதற்குச் சமம். நடுநிலையாக உறையும், கல்லில் கறை விடாத சிலிகான் என்று தனியே உண்டு. கறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், வேறு சில சிலிகான்கள் எண்ணெய்ப்பசையான பொருள் ஒன்றைக் கல்லுக்குள் மெல்லக் கசியவிடும், அதில் கிரானைட் ஓரமெல்லாம் ஃபோட்டோச் சட்டம் போட்டது போல இருண்டுவிடும். அது லேசில் வெளியே வராது. சிங்க் பொருத்தும் நாளில் கையில் இருக்கும் டியூபை வாங்கி ஒருமுறை படித்துப் பார்ப்பது, பின்னால் நூறு மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

குழாயடியில் இன்னொரு வேடிக்கை. உப்புத்தண்ணீர் காய்ந்து காய்ந்து வெள்ளையாக ஒரு பொருக்கு கட்டும். அதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து வினிகர். வினிகர் அந்தப் பொருக்கைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஏனென்றால் அது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். மார்பிளும் கால்சியம் கார்பனேட். எது அழுக்கு, எது மேடை என்று வினிகருக்குத் தெரியாது. சவர பிளேடைக் கல்லோடு கல்லாகப் படுக்க வைத்துப் பொறுமையாகச் சீவி எடுப்பதுதான் வழி. அதைவிட நல்ல வழி, இரவு படுக்குமுன் குழாயடியை ஒருமுறை உலரத் துடைப்பது. கிரானைட்டில் வினிகர் உடனே ஒன்றும் செய்துவிடாது. ஆனால் சில கிரானைட்டுகளின் நரம்பில் கால்சைட் ஒளிந்திருக்கும் என்பதால் அங்கேயும் நான் தொடுவதில்லை.

எண்ணெய்ப் புட்டிக்கு அடியில் தட்டு வைத்ததாகச் சொன்னேன் அல்லவா, அது பட்டுத் தெளிந்த பிறகு. அதற்கு முன் அந்தப் புட்டி மாதக்கணக்கில் மார்பிள் மூலையில் ஒரே இடத்தில் நின்றது. நகர்த்தியபோது அடியில் தேநீர் நிறத்தில் ஒரு வளையம். இது அசல் கறை. சீலர் கொடுத்த அவகாசமெல்லாம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

எண்ணெய்க் கறைக்குப் பற்றுப் போட வேண்டும். தலைவலிக்குப் போடுவது போலவே. உறிஞ்சும் பொடி ஒன்று, கறையைக் கரைக்கும் திரவம் ஒன்று, இரண்டையும் குழைத்து அப்புவது. எண்ணெய்க்கு அசிட்டோன், காபி, பழச்சாறு போன்றவற்றுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு. பெராக்சைடு வெளிர்நிறக் கல்லுக்குத்தான், அடர்நிறக் கல்லை அது வெளிறச் செய்துவிடலாம். பொடிக்கு சமையல் சோடாவே போதும். வேர்க்கடலை வெண்ணெய் பதத்தில் குழைத்து, கறையைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக, அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கனத்தில் அப்பி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் விட்டேன். மறுநாள் தாளை உரித்து, ஈரமாக இருந்த பற்றை அப்படியே வழித்துப் போட்டுவிட்டுப் பார்த்தால், வளையம் சிரித்துக்கொண்டு இருந்தது.

தப்பு என்னவென்றால், மூடி வைக்கும் நேரத்தில் திரவம் கல்லுக்குள் இறங்கி எண்ணெயைக் கரைக்க மட்டும்தான் செய்கிறது. வெளியே இழுப்பது உலரும் நேரத்தில்தான் நடக்கும். திரி எண்ணெயை மேலே ஏற்றுவது போல, பொடி காயக் காயக் கல்லுக்குள் இருக்கும் கரைசல் மேலேறிப் பொடிக்குள் வந்து தங்கும். நான் அந்தக் கட்டம் வருமுன்பே துடைத்துவிட்டேன். இரண்டாம் முறை, தாளை எடுத்தபின் பற்று தானாக வெடித்துப் பொடியாகும்வரை தொடவில்லை. வளையம் பாதியாக வெளிறியது. மூன்றாம் முறை, தேடினால்தான் தெரியும் என்ற அளவுக்கு வந்தது. நான்காவதைப் போடச் சோம்பேறித்தனம். இப்போது அங்கே உப்பு ஜாடி நிற்கிறது.

அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் கையாள வேண்டும். ஒன்றுக்குப் பதில் இரண்டு சேர்த்தால் வேகமாகப் போகுமே என்று சுத்தம் செய்யும் திரவங்களைக் கலந்துவிடவும் கூடாது. பிளீச்சோடு அமிலமோ அம்மோனியாவோ சேர்ந்தால் நச்சு வாயு வரும். பற்று எடுத்த இடத்தில் சீலரும் போயிருக்க வாய்ப்புண்டு, அதனால் அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி ஒரு கோட்.

தினசரிச் சுத்தத்துக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரத் திரவம், மென்மையான துணி, அப்புறம் வெறும் தண்ணீர்த் துணி, கடைசியில் உலர்ந்த துணி. இரண்டு சொட்டு என்றால் இரண்டே சொட்டு. சோப்பு கூடினால் அதுவே படலமாகி மங்கும். சூடான பாத்திரத்தைக் கிரானைட் தாங்கும், இருந்தாலும் சிங்க், அடுப்பு வெட்டுகளின் ஒடுங்கிய ஓரங்களில் திடீர் சூடு விரிசல் விடலாம் என்பதால் அடியில் ஏதாவது வைப்பது நல்லது. மேடைமேல் ஏறி நிற்கக் கூடாது, குறிப்பாக அந்த ஒடுங்கிய இடத்தில். இதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று கேட்பவர்கள் மேல் அலமாரி விளக்கை மாற்றியதே இல்லை போலிருக்கிறது.

இத்தனை தொல்லையா என்று சிலர் செயற்கைக் குவார்ட்ஸ் பலகைக்குப் போய்விடுகிறார்கள். நொறுக்கிய குவார்ட்ஸைப் பிசினில் குழைத்து இறுக்கியது. சீலரே வேண்டாம், எலுமிச்சைக்கும் கவலை இல்லை. ஆனால் அதன் பிசினுக்குச் சூடு ஆகாது. அதோடு, அதை உலர்வாக அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா நுண்தூசி அறுப்பவர்களின் நுரையீரலைச் சிலிக்கோசிஸ் நோயில் தள்ளுகிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடையே செய்துவிட்டது. கிரானைட் தூசியிலும் சிலிக்கா உண்டு, ஆனால் அளவு குறைவு. சோப்புக்கல் என்று ஒன்று இருக்கிறது: அமிலத்துக்கும் அசையாது, கறையும் ஏறாது, சீலரும் வேண்டாம். அந்தக் காலத்து வேதியியல் ஆய்வகங்கள் பலவற்றின் மேஜைகள் அதில்தான் செய்யப்பட்டன. ஆனால் அது டால்க் கலந்த மெத்தென்ற கல், நகத்தால்கூடக் கோடு விழலாம். எல்லாவற்றையும் தாங்கும் கல்லை நான் இன்னும் பார்க்கவில்லை.

என் எலுமிச்சை வட்டத்தை என்ன செய்தேன்? முதலில் மார்பிளுக்கான பாலிஷ் பொடி வாங்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, கம்பளித் துணியால் கை கழன்று போகும்வரை தேய்த்தேன். மெல்லிய அரிப்புக்கு அது வேலை செய்யும். வட்டம் முக்கால்வாசி மறைந்தது. ஆனால் அதற்குள் தக்காளி, வினிகர், யாரோ வைத்த பழச்சாறு டம்ளர் என்று பத்துப் பன்னிரண்டு வட்டங்கள் சேர்ந்துவிட்டன. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மேடையில் நிலவின் படம் விரித்தது போல இருக்கும்.

மூன்றாம் வருடம் ஒரு முடிவுக்கு வந்தேன். வைரத் தேய்ப்பான் வைத்திருக்கும் ஒருவரை அழைத்து, மார்பிளின் பளபளப்பை முழுவதுமாக எடுத்து மங்கலான 'மேட்' பரப்பாக மாற்றச் சொன்னேன். "எல்லாரும் பாலிஷ் ஏத்தத்தான் கூப்பிடுவாங்க, நீங்க இறக்கச் சொல்றீங்களே" என்று சிரித்தார். ஒரு நாள் தண்ணீரும் சேறுமாகக் கிடந்தது. முடிந்தபோது மேடை முட்டை ஓடு மாதிரி இருந்தது. அமிலம் இப்போதும் அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் மங்கிய பரப்பில் இன்னொரு மங்கல் அவ்வளவாகத் தெரிவதில்லை. பளபளப்பு போன கல் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும் என்பதால், உலர்ந்ததும் புதிதாகச் சீலர் போட வேண்டியிருந்தது. இந்த முறை நானே போட்டேன், கையில் கடிகாரத்தோடு.

நேற்றுக் காலை மறுபடி தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஐந்து இடத்தில் ஐந்து ஸ்பூன். பத்து நிமிடம் கழித்துத் துடைத்தபோது நான்கு இடத்தில் மாற்றமே இல்லை. குழாயின் இடது பக்கம் மட்டும் நாணயம் அளவுக்கு லேசாக அடர்ந்திருந்தது. அரை மணியில் காய்ந்து பழையபடி ஆனது. ஞாயிற்றுக்கிழமை அந்த மூலைக்கு மட்டும் ஒரு கோட் போட வேண்டும். டப்பாவில் இன்னும் கால் பங்கு இருக்கிறது.